பீடத்தடிப் பொன்

மண்ணுள் இருந்த மணியைப் பொன்னை
எண்ணி அகழ்ந்தோர் இருட்டில் துணையாய்க்
கண்ணுள் ஒளியாய்க் காத்த கந்தா
பண்ணுள் நினைந்தேன் பணிந்தேன் அடியே.

இன்று தைப்பூசம். காலையில் கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் முருகனுக்குப் பாலும் பன்னீரும் ஆட்டினார்கள். சந்நிதியில் நின்று பதிகம் பாடிவிட்டு வீடு திரும்பினேன். ஈரத் தலை உலருமுன் எழுத உட்கார்ந்துவிட்டேன். சென்ற ஆண்டு அந்தச் சந்நிதியில் நான் கண்டதை எழுதிவைக்க இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

லைன் என்பதை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளருக்காக வரிசை வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளின் தொகுதிக்கு லைன் என்று பெயர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர் அங்கேதான் வாழ்ந்தார்கள், அங்கிருந்துதான் பூமிக்குள் இறங்கினார்கள், தங்கள் கைப்பட ஒரு முருகன் கோயிலையும் கட்டினார்கள். சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. ஆட்களைக் கேஜ் என்னும் கூண்டில் ஏற்றி இறக்கிய சாப்டு என்ற ஆழ்குழியின் மேலே நின்ற இரும்புக் கோபுரம் துருவேறி நிற்கிறது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். கோயில் மட்டும் அன்று போலவே இருக்கிறது.

வெளியூரார் எங்களைக் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் தங்கம் இருக்கிறதா?" என்பதே. எங்கள் லைனில் அதற்கு ஒரு விடை நெடுங்காலமாகத் தயாராக இருந்தது. "இருக்குது. எங்க முருகர் காலடியில இருக்குது."

கதை இதுதான். கோயில் கட்டிய நாளில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கத்தை ஒளித்து மேலே கொண்டுவந்தார்களாம். மூலவரை நிறுத்துமுன் அதைப் பீடத்தின் அடியிலுள்ள குழியில் போட்டு மூடிவிட்டார்களாம். அதற்குத் தலைமை தாங்கியவர் என் தந்தையாம். இதை யாரும் பழியாகச் சொல்லவில்லை. விருதாகச் சொன்னார்கள். அதுதான் என்னைச் சுட்டது.

இந்தக் கதையை எல்லாரையும் விட அழகாகச் சொன்னவன் என் தம்பி. பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் பழைய ரயில் சிநேகிதர்களுக்காகவே அந்த வண்டியில் ஏறுவான். ஒருமுறை கண் மருத்துவரிடம் போக நானும் அவனுடன் போனேன். வண்டி நகர்ந்ததும் கதை தொடங்கியது.

"எங்க நைனா ஷிப்டு முடிச்சி கேஜுல மேல வருவாரு. கேட்டுல நிக்கவெச்சி, கைய விரி, வாயத் தொற, தலைப்பாவ அவுருன்னு தடவிப் பாப்பானுங்க. ஒண்ணும் கெடைக்காது. ஆனா சரக்கு வெளிய வந்துடும்!"

"எப்படிண்ணா வந்துச்சு?" என்றார் எதிரே இருந்தவர்.

"அது தொழில் ரகசியம்."

"உங்களுக்கே தெரியாதுன்னு சொல்லுங்க."

வேறொருவர் மடக்கினார். "போன மாசம் டிபன் பாக்ஸு அளவுன்னீங்க. இன்னிக்கி செங்கல் அளவு ஆயிடுச்சே?"

"முருகர் காலடியில இருக்கிறது வளராதா? எங்களுக்கு இன்னா, வளர்ந்துக்கினே போவட்டும்!"

பெட்டியே சிரித்தது. "உங்க நைனா கில்லாடிங்க" என்று ஒருவர் அவன் தோளைத் தட்டினார். என் தம்பியின் முகம் திருவிழா விளக்குப் போல ஒளிர்ந்தது. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய, தயிர் நிறத்தில் நிற்கும் சயனைடு மண்மேடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

என் தந்தையை அந்த வாயிலில் சோதித்தது உண்மை. எல்லாரையும் சோதித்தார்கள். பூமிக்கடியில் எட்டு மணி நேரம் வெந்து வந்த மனிதனின் தலைப்பாகையையும் இடுப்புத் துணியையும் தடவிப் பார்ப்பது, அதைச் செய்தவர்களுக்கு ஒரு வேலை. செய்யப்பட்டவருக்கு அன்றாட அவமானம். என் தந்தை அதை ஏற்ற விதம் வேறு. சொல்லும் முன்பே இரு கைகளையும் விரித்து நிமிர்ந்து நிற்பார். அது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. பொங்கலுக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்க்கும்போதும் அப்படித்தான் கை விரித்து நிற்பார். என் தாய் சிரிப்பார். கோயிலுக்கு வந்தால் முதலில் முருகன் முன் அவ்வாறே கைகளை விரித்துக் காட்டுவார். அதன் பிறகே கூப்புவார். நீயும் பார்த்துக்கொள் என்பது போல.

அடியார்களின் பாடல்களை வாழ்நாளெல்லாம் ஓதி வந்தவள் நான். இறைவன் முன் மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பதே பக்தி என்று அந்தப் பாடல்கள் எனக்குக் கற்பித்தன. அதை நான் கண்ணால் கண்டது என் தந்தையின் விரித்த கைகளில். அந்தக் கைகள் ஒளித்துவைத்தன என்று ஊர் மெச்சியபோது நான் எப்படி மெச்சுவேன்?

ஆகவே அந்தக் கதையை நான் ஐயுற்றேன். அது எங்கிருந்து முளைத்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இருந்தது.

மூலவரை நிலைநிறுத்துமுன் பீடத்தின் குழியில் நவமணியும் பொன்னும் இடுவது கோயில் முறை. இயன்றவர் இயன்றதை இடுவார்கள். எங்கள் லைனில் இயன்றவர் எவரும் இல்லை. ஆகையால் ஆண்கள் கூடிப் பேசி, அவரவர் வேலை செய்யும் லெவலிலிருந்து ஆளுக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து இடுவது என்று முடிவு செய்தார்கள். பூமிக்கடியில் ஒவ்வோர் ஆழத்திலும் குடைந்த வழிக்கு லெவல் என்று பெயர். கொண்டுவந்தது தங்கம் ஓடும் வெள்ளைக் கல் அன்று. வெட்டித் தள்ளும் வெறும் கரும்பாறை. கேட்டில் காட்டினார்கள். உருட்டிப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். இதை என் தந்தையே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சுரங்கத்திலிருந்து கோயிலுக்கு ஆட்கள் வரிசையாக எதையோ ஏந்திச் சென்றதைக் கண்ட ஊர், அந்தக் கற்களைப் பொன்னாக்கிவிட்டது. இதுவே என் முடிபு.

தம்பியிடம் சொன்னால் ஏற்கமாட்டான்.

"கல்லுதாண்டா போட்டாங்க."

"கல்லைப் போய் யாராச்சும் மேளம் வெச்சிப் பொதைப்பாங்களாக்கா?"

"தங்கம் தோண்டுற ஊர்ல தங்கம் இல்லாதவங்க பொதைப்பாங்க."

"அப்போ நைனா ஏன் சிரிச்சாரு? அதுக்கு பதில் சொல்லு."

அவன் கையிலிருந்த ஒரே சான்று அந்தச் சிரிப்பு. பீடத்தின் அடியில் தங்கம் உண்டா என்று யார் கேட்டாலும் என் தந்தை ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. சிரிப்பார். பிறகு என் தாயின் பக்கம் தலையைத் திருப்பி, "இவளக் கேளு" என்பார். "எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்று என் தாய் அடுப்படிக்குப் போய்விடுவார். தம்பி அந்தச் சிரிப்பை ஒப்புதல் என்றான். நான் மறுப்பு என்றேன்.

என் தாய் வாதாடுபவர் அல்லர். சந்தையிலும் பேரம் பேசமாட்டார். ஆனால் ஒரே ஒரு காரியத்தில் அவர் அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். என் திருமணம் முடிந்த மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்த்தார்கள். மஞ்சள் கயிற்றில் பொட்டுத் தாலியை நடுவில் வைத்து இருபுறமும் பொன்குண்டு கோர்ப்பது உலக வழக்கு. என் தாய் ஒருபுறம் ஒரு குண்டைக் கோர்த்தார். மறுபுறம் ஒரு பவளத்தைக் கோர்த்து முடிச்சிட்டார். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் கயிற்றை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தியம்மா, இன்னொரு குண்டு எங்க?"

"எங்க லைன்ல இப்படித்தாங்க."

"நான் எங்கியும் பாத்ததில்லியே."

"எங்க லைன்ல பாத்துக்குங்க."

மாமியார் அதைக் கருமித்தனம் என்று நினைத்தார்; நெடுநாள் நினைத்துக்கொண்டேயிருந்தார். எனக்கோ அது பெருமையாக இருந்தது. எங்கள் லைன் பெண்கள் எல்லாருடைய தாலியும் அப்படித்தான் இருந்தது. மணமாகி எங்கு போனாலும் அது எங்கள் அடையாளம் என்று எண்ணினேன். வெளியூரிலிருந்து லைனுக்கு வாழ வந்தவர்களுக்கும் அப்படியே கோர்த்தார்கள். பங்காருப்பேட்டையிலிருந்து வந்த என் தம்பி மனைவி மட்டும் முதல் நாளே முகம் சுளித்தாள். வழக்கம் என்று சொல்லி அவள் வாயை அடைத்தோம். ஏன் அந்த வழக்கம் என்று நாங்களும் கேட்டதில்லை. வழக்கத்துக்கு யார் காரணம் கேட்பார்கள்?

என் தந்தையும் தாயும் அடுத்தடுத்துப் போன பிறகு கதை மட்டும் வளர்ந்தது.

சென்ற ஆண்டு அர்ச்சகர் ஒரு குறையைச் சொன்னார். அபிஷேக நீர் முன்புபோல் கோமுகி வழியே ஓடாமல் பீடத்தின் ஒரு மூலையில் தேங்கியது. பீடம் சற்றே சாய்ந்திருந்தது. சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தும் வெடித்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்தபதியை வரவழைத்தோம். அவர் நூல் பிடித்துப் பார்த்தார்.

"மேலாக மருந்து சாத்தினா நிக்காதும்மா. சாமியைத் தற்காலிகமா பாலாலயத்துக்கு எடுத்துவெச்சிட்டு, பீடத்தைப் பிரிச்சி, அடியில நிரவி, திரும்ப வெக்கணும்."

பீடத்தைப் பிரிப்பதென்றால் குழியைத் திறக்க வேண்டும். அன்று மாலைக்குள் லைன் முழுவதும் செய்தி பரவியது. திருப்பணிக் குழுவின் கூட்டத்தை மண்டபத்தில் கூட்டினார்கள். குழுவுக்குத் தலைவன் என் தம்பி. வழக்கமாகப் பாய் விரித்தும் ஆள் சேராத கூட்டத்துக்கு அன்று வாசல் வரை ஆட்கள். தங்கத்தை என்ன செய்வது என்பதே பேச்சு. கலசத்துக்குப் பொன்முலாம் பூசலாம் என்றார்கள், வேலுக்குக் கவசம் என்றார்கள். சர்க்கார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவர் கவலைப்பட்டார். "சாமி கிட்ட கேட்டுக்கச் சொல்லு" என்றான் தம்பி.

நான் எழுந்து நின்றேன். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. பாடுவது மட்டுமே என் வேலை.

"சுரங்கத்துத் தங்கம் அதுல ஒரு பொட்டு இருந்தாலும், இனிமே இந்தச் சந்நிதியில நான் பாடமாட்டேன்" என்றேன்.

தம்பி என்னைத் தனியே அழைத்துப் போனான்.

"இன்னாக்கா இது? நைனாவுக்குக் கெட்ட பேரு வந்துடும்னு நெனைக்கிறியா? பேருதான் வரும்!"

"திருடன்னு வர்ற பேரு எனக்கு வேணாம்."

"எது திருட்டுக்கா? கப்பல் கப்பலா வெள்ளைக்காரன் அள்ளிக்கினு போனான். வெட்டினவன் ஒரு புடி எடுத்து சாமிக்குக் குடுத்தா அது திருட்டா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றும் அதை முழுமையாக மறுக்க என்னால் இயலாது. ஆயினும் என் வழக்கு வேறு.

"போனது போவட்டும்டா. நைனா கைய விரிச்சி நின்னாரே, முருகர் எதிர்ல தெனமும் நின்னாரே, அது பொய்யா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

குழி திறக்கும் நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடாமல் நான் என்ன செய்வேன்? சிறுமியாக இருந்த நாள் முதல், மணமான பிறகும் லைனிலேயே இருந்து, கிருத்திகை தவறாமல் அந்தச் சந்நிதிப் படியில் நின்று பாடியவள். சொல்லிவிட்ட சொல்லையும் விழுங்கமாட்டேன். கல்லாகவே இருக்கட்டும், முருகா, வெறும் கல்லாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன். பொன் வேண்டிப் பாடியவர்கள் உண்டு. பொன் வேண்டாம் என்று ஒரு குழிக்காக வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நல்ல நேரம் பார்த்து முருகனைப் பாலாலயத்துக்கு எழுந்தருளச் செய்தார்கள். ஸ்தபதியின் ஆட்கள் கடப்பாரை கொடுத்துப் பீடத்தின் அடிக்கல்லை நெம்பினார்கள். மண்டபம் நிறைந்து, ஆண்கள் மதில்மேலும் ஏறி நின்றார்கள். பக்கத்து லைன் மாதா கோயில் குடும்பங்களும் வந்திருந்தன. பெண்கள் ஒருபுறம் நெருக்கியடித்து நின்றோம். என் தம்பி புது வேட்டி கட்டி, குழியின் விளிம்பிலேயே குந்தியிருந்தான்.

ஸ்தபதி குனிந்து கையை விட்டார். முதலில் ஒரு கல் வந்தது. கைப்பிடியளவு கரும்பாறை. அடுத்தும் கல். அதற்கடுத்தும் கல். ஒவ்வொன்றையும் ஈரத் துணியால் துடைத்துப் பலகையில் அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதன் நின்று வெட்டிய ஆழம். என் தந்தையின் கல் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் தொழுதேன்.

"பாத்தியாடா?" என்றேன், குரலில் வெற்றியை அடக்க முடியாமல்.

தம்பியின் முகம் வாடிப்போயிருந்தது. ரயில் சிநேகிதர் ஒருவர், "செங்கல் எங்கண்ணா?" என்று மதில்மேலிருந்து கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது.

அப்போது ஸ்தபதியின் கை குழிக்குள் நின்றது. மேலும் குனிந்தார். அடியிலிருந்து மண்ணோடு மக்கிய மஞ்சள் துணியை இரு கைகளாலும் அள்ளிப் பித்தளைத் தட்டில் வைத்தார். ஒரு சொம்பு நீரை மெல்ல ஊற்றினார். சேறு கரைந்தது. தட்டின் அடியில் மினுமினுவென்று ஒளி விழித்தது.

"தங்கம்!" என்று துள்ளி எழுந்தான் தம்பி. "நான் சொன்னேன் இல்ல! சொன்னேன் இல்ல!"

மண்டபம் முழங்கியது. யாரோ விசிலடித்தார்கள். என் தந்தையின் விரித்த கைகள் கண்முன் வந்தன. அவற்றை நான் பார்க்க விரும்பவில்லை, கண்களை மூடிக்கொண்டேன்.

"ஐயா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்ற ஸ்தபதியின் குரல் கேட்டது. "இது சுரங்கத்துக் கட்டி இல்ல. ஆசாரி தட்டி உருட்டின பொன்னு. கயிறு நுழைய ஓட்டை இருக்கு பாருங்க."

ஒன்றை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தாலிக் குண்டும்மா இது. எல்லாமே தாலிக் குண்டுங்க."

கண் திறந்தேன். ஒரு கை கொள்ளும் அளவுக்குச் சின்னஞ்சிறு குண்டுகள். ஒன்றுபோல் ஒன்றில்லை. சில நன்றாகத் திரண்டவை. சில மிளகளவே ஆனவை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆசாரி கையில், ஒவ்வொரு வீட்டின் வசதிக்கேற்பப் பிறந்தது. அவை அங்கே எப்படி வந்தன என்று எவருக்கும் விளங்கவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து என் தம்பி மனைவியின் குரல் எழுந்தது.

"இன்னாங்க, இதுக்குத்தான் எனக்கும் அத்தை ஒண்ணே ஒண்ணு கோத்தாங்களா? உங்கம்மா கஞ்சம்னு இத்தினி வருஷமா திட்டிக்கினு இருந்தேனே!"

ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. புடவைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்தேன். ஒருபுறம் குண்டு, மறுபுறம் பவளம். பக்கத்தில் நின்றவள் தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு அடுத்தவளும் பார்த்தாள். லைன் பெண்கள் ஒவ்வொருவராகத் தாலியைக் கையில் ஏந்தி நின்றோம். எல்லாவற்றிலும் ஒரு குண்டின் இடத்தில் ஒரு பவளம். எந்தக் குண்டுகளுக்குப் பதிலாக இந்த வழக்கம் வந்ததோ அந்தக் குண்டுகள் எங்கள் எதிரே பித்தளைத் தட்டில் இருந்தன.

எங்கள் தாய்மார் கொடுத்திருக்கிறார்கள். சந்நிதிக் குழியில் இடப் பொன் இல்லை என்று ஆண்கள் கல் சுமந்த அதே நாளில், அவர்கள் தங்கள் கழுத்திலிருந்து ஆளுக்கு ஒரு குண்டைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து கற்களுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கணவன் கேஜில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் தாலியைப் பற்றிக்கொண்டு காத்திருந்தவர்கள் அவர்கள். பாறை வெடித்த செய்தி வரும்போதெல்லாம் சாப்டின் வாயிலுக்கு ஓடியவர்கள். அந்தத் தாலியில் பாதிப் பொன்னை முருகனிடம் ஒப்படைத்து, மீதியை நீ காத்துக்கொடு என்று வேண்டினார்களா? எனக்குத் தெரியாது. அவர்களில் எவரும் இன்று இல்லை. எவரும் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. கொடுத்ததை வாயால் சொன்னால் கொடுத்ததாகாது என்று எண்ணியிருக்கலாம். மகள்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு குண்டோடு கோர்த்துவிட்டு, "எங்க லைன்ல இப்படித்தான்" என்று நிமிர்ந்து சொன்னார்கள். காரணம் அறியாமலே நாங்கள் அதைத் தொடர்ந்தோம்.

கதை எங்கிருந்து முளைத்தது என்பதும் அப்போது விளங்கியது. அன்று குழியருகே நின்ற யாரோ, துணியை முடியுமுன் பொன்னின் ஒளியைக் கண்டிருப்பார்கள். கண்டது வெளியே கசிந்திருக்கும். சுரங்கத்து ஊரில் பொன் என்றால் சுரங்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பீடத்தின் அடியில் பொன் இல்லை என்ற என் ஐயம் பிழையாயிற்று. அது திருடிய பொன் என்ற ஊராரின் கதையும் பொய்யாயிற்று. கூலிப் பணத்தில் வாங்கிய பொன். பூமிக்குள் இறங்கியவனின் வியர்வையில் வாங்கி, அவனுக்காகக் காத்திருந்தவள் கழற்றிக் கொடுத்த பொன்.

தம்பி மறுபடி குந்திவிட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"நைனாவுக்குத் தெரிஞ்சிருக்குதுக்கா" என்றான் மெல்ல.

தெரியாமல் இருக்குமா? எந்தக் கணவனுக்குத் தன் மனைவியின் தாலி தெரியாது? ஆனாலும் அது அவர் சொல்லவேண்டிய செய்தி அல்ல. ஊர் தன்னைக் கில்லாடி என்றாலும் சரி, கள்ளன் என்றாலும் சரி, பெண்கள் வைத்த மௌனத்தை அவர் உடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே வழியை மட்டும் காட்டினார்.

"இவளக் கேளு, இவளக் கேளுன்னு சொன்னாரே" என்றான் தம்பி. "நாம ஒரு நாளும் அம்மாவைக் கேக்கவே இல்லியேக்கா."

அவன் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.

குண்டுகளை உருக்கிக் கலசத்துக்கு முலாம் பூசலாமே என்று குழுவில் ஒருவர் மெல்லத் தொடங்கினார். தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். அவ்வளவே, அவர் வாயை மூடிக்கொண்டார். புதிய மஞ்சள் துணி வந்தது. லைனின் பெண்கள் எல்லாரும் அந்தத் துணியைத் தொட்டுக் கொடுத்தோம். எங்களோடு நின்ற மாதா கோயில் பெண்களும் தொட்டார்கள். குண்டுகள் முன்புபோல் அடியில் இறங்கின. அவற்றின்மேல் கற்களை அடுக்கினார்கள். பீடம் நேரே அமர்ந்தது. குடமுழுக்கு நாளில் நான் பாடினேன்; பாட்டு பாதியில் நின்றபோது லைனின் பெண்கள் பிடித்துக்கொண்டு முடித்தார்கள்.

வீடு திரும்பியதும் என் கணவர், "ஒரு குண்டு வாங்கித் தரட்டுமா? இனிமேலாவது ரெண்டு பக்கமும் சரியா இருக்கட்டுமே" என்றார்.

"இதுதாங்க சரி" என்றேன்.

கதை இன்னும் ரயிலில் போகிறது. என் தம்பி கதை சொல்வதை நிறுத்துவான் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் அவனை அறியாதவர்கள். "இப்போ எவ்ளோ பெருசுண்ணா?" என்று கேட்டால், "உங்க வூட்டம்மா கழுத்துல இருக்குதே, அதுல பாதி" என்கிறானாம். சிரிக்க வந்தவர்கள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்களாம்.

இன்று காலை தீபாராதனையின்போது அவனைக் கவனித்தேன். கூட்டத்தில் எனக்குச் சற்று முன்னால் நின்றான். திரை விலகியதும் இரு கைகளையும் விரித்து நிமிர்ந்து நின்றான். பிறகே கூப்பினான். அவன் இப்படிச் செய்து இதற்குமுன் நான் பார்த்ததில்லை. நான் பதிகத்தை எடுத்தேன். குரல் தங்குதடையின்றி வந்தது.

இதைப் படிக்கும் யாவரும் நலம் பெறுக. உங்களுக்காகக் கழற்றிக் கொடுத்தவர்கள் யார் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டறியும் பேறு உங்களுக்கு வாய்க்கட்டும். இருளில் இறங்குவோர் எல்லாரும் ஏறி வருக. அவர்களுக்காகக் காத்திருப்போர் கழுத்தில் மஞ்சள் மங்காதிருக்கட்டும். விரித்துக் காட்ட அஞ்சாத கைகளை எங்கள் லைன் முருகன் உங்கள் எல்லாருக்கும் அருளட்டும்.